அக்பர் தோற்றார், அனார்கலி ஜெயித்தாள்

1961-ல் அக்பர் சக்கரவர்த்தி தமிழ்நாட்டில் படுதோல்வி அடைந்தார். காபூலிலிருந்து வங்காளம் வரை ஆண்ட மனிதரை நம் டிக்கெட் கவுண்டர்கள் கண்டுகொள்ளவில்லை. கே. ஆசிஃப் எடுத்த ‘முகலே ஆஸம்’ படத்தைத்தான் சொல்கிறேன். அது 1960 ஆகஸ்ட் 5 அன்று பம்பாய் மராத்தா மந்திர் தியேட்டரில் வெளியானபோது, முதல் ரீல்கள் யானை மேல் ஊர்வலமாக வந்தன. டிக்கெட்டுக்காக ஜனங்கள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நாள் கணக்கில் வரிசையில் கிடந்தார்கள். அதே படத்தை ‘அக்பர்’ என்று பெயர் வைத்துத் தமிழ் பேச வைத்துக் கொண்டுவந்தார்கள். வந்த சுவடு தெரியாமல் போனது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் படத்தை இந்தி, தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் எடுப்பதுதான் ஆசிஃபின் திட்டம். அதற்காகக் காட்சிகளை மூன்று மூன்று முறை நடிக்க வைத்தார். கடைசியில் டப் செய்து வெளியிட்ட தமிழ்ப் படம் கையைக் கடித்ததும் ஆங்கிலப் படத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டார். ஆக, இங்கிலாந்துக்காரன் இங்கிலீஷ் அக்பரைப் பார்க்க முடியாமல் போனதற்கு நாமும் ஒரு காரணம்.

ஏன் தோற்றது? படத்தில் பிரமாண்டம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 1944-ல் தொடங்கிய வேலை அது. பணம் போட்டவர் தேசப் பிரிவினையில் பாகிஸ்தான் போனார். அக்பராக நடிக்க இருந்த சந்திரமோகன் 1949-ல் இறந்துபோனார். ஷாபூர்ஜி பல்லோன்ஜி என்ற கட்டடத் தொழில் முதலாளி வந்து பணப்பெட்டியைத் திறந்த பிறகு எல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தது. அக்பரின் மகன் சலீமாக திலீப்குமார், அவன் காதலிக்கும் அனார்கலியாக மதுபாலா, அக்பராக பிருத்விராஜ் கபூர். கிரீடம் கோலாப்பூரில் செய்தது, நகை ஐதராபாத் ஆசாரிகள் கைவேலை, செருப்பு ஆக்ராவிலிருந்து வந்தது. போர்க்களத்துக்கு 2,000 ஒட்டகம், 400 குதிரை, 8,000 படைவீரர்கள். வீரர்களில் பெரும்பகுதி நிஜ ராணுவத்திலிருந்து வந்தவர்கள். மதுபாலா காலில் கட்டியதும் நிஜ இரும்புச் சங்கிலி.

கண்ணாடி மாளிகை ஒன்று போதும், ஆசிஃபின் பிடிவாதத்தைச் சொல்ல. லாகூர்க் கோட்டையிலுள்ள ஷீஷ் மகாலைப் பார்த்து 150 அடி நீளம், 80 அடி அகலம், 35 அடி உயரத்தில் செட் போட்டார்கள். கட்டி முடிக்க இரண்டு வருடம். பெல்ஜியத்திலிருந்து வந்த கண்ணாடியை பிரோசாபாத் தொழிலாளிகள் துண்டு துண்டாகப் பதித்தார்கள். எல்லாம் முடிந்து விளக்கைப் போட்டால், ஆயிரம் கண்ணாடியும் சேர்ந்து வெளிச்சத்தைக் கேமராவின் முகத்திலேயே திருப்பி அடித்தது. இதைப் படமெடுக்கவே முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் கையை விரித்தார்கள். முதலில் கண்ணாடி மேல் மெழுகு பூசிப் பார்த்தார்கள். கடைசியில் ஒளிப்பதிவாளர் ஆர்.டி. மாத்தூர் விளக்கை நேராக அடிக்காமல், அங்கங்கே துணிப் பட்டைகளைக் கட்டி, அவற்றில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தில் எடுத்து முடித்தார். ஒரே ஒரு பாட்டுக்கு இவ்வளவு. படத்தின் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. அந்தப் பாட்டும் கடைசிப் பகுதியும் பளபளவென்று டெக்னிகலர்.

இவ்வளவையும் நம்மவர்கள் பார்த்துவிட்டு, ‘சரி’ என்று எழுந்து வந்துவிட்டார்கள். அந்த வருடம் தமிழ்நாடு எங்கே இருந்தது என்று பார்த்தால் காரணம் பாதி விளங்கிவிடும். மார்ச்சில் ‘பாவமன்னிப்பு’, மே மாதம் ‘பாசமலர்’, செப்டம்பரில் ‘பாலும் பழமும்’. மூன்றும் பீம்சிங் படங்கள், மூன்றிலும் சிவாஜி. அண்ணன் தங்கைக்காகத் தாய்மார்கள் முந்தானை நனைய அழுதுகொண்டிருந்த வருடத்தில், மகனை எதிர்த்து யானை கட்டிப் போரடிக்கும் சக்கரவர்த்திக்கு யார் அழுவார்கள்? ராஜா ராணிப் படங்களின் காலமே முடிந்துகொண்டிருந்தது.

மீதிக் காரணம் காது. ‘முகலே ஆஸம்’ உருது வசனத்தால் நின்ற படம். பிருத்விராஜ் கபூரின் தொண்டையிலிருந்து வரும் அந்த உறுமலைக் கழற்றிவிட்டு அங்கே வேறொரு குரலை மாட்டினால், மிஞ்சுவது உதடு ஒட்டாத ஒரு பெரிய மனிதர். ‘பராசக்தி’யையும் ‘கட்டபொம்ம’னையும் கேட்டு வளர்ந்த கூட்டத்திடம் உதடு ஒட்டாத வசனம் எடுபடாது. எஸ்.எஸ். வாசன் இதற்கு நேர் எதிர்த்திசையில் ஜெயித்தவர். 1948-ல் ‘சந்திரலேகா’வை இங்கிருந்து வடக்கே கொண்டுபோனார். அவர் கொண்டுபோனது முரசுகள் மேல் ஆடும் நடனம். முரசுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். ஆசிஃப் கொண்டுவந்தது கண்ணாடி மாளிகையோடு சேர்த்து மூன்றேகால் மணி நேரப் பேச்சு.

ஆனால் அக்பரைத் திருப்பி அனுப்பிய இதே ஊர்களில் அனார்கலி அதற்கு ஆறு வருடம் முன்பே வந்து குடியேறிவிட்டாள். கண்ணாடி மாளிகை இல்லாமல், எட்டாயிரம் படைவீரர்கள் இல்லாமல். அவள் வந்த வழியைத்தான் நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்கள் ஊர் வழியாகப் போகிறது.

ஒத்தக்கடை மதுரையிலிருந்து மேலூர் போகிற சாலையில், யானைமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் யானை போன்ற ஒற்றைப் பாறை. அதன் மடியில் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தில், 770 வாக்கில், குடைந்த நரசிங்கப் பெருமாள் கோயில். மேலே சமணர் படுக்கைகள், தமிழ் பிராமி எழுத்து. அறுபதுகளில் இது பெரியாறு வாய்க்கால் தண்ணீரை நம்பிய நெல் ஊர். 1965-ல் வேளாண் கல்லூரி வந்தபோதுதான் வெளியூர்ப் பிள்ளைகள் பேண்ட் போட்டுக்கொண்டு சாலையில் நடக்க ஆரம்பித்தார்கள்.

சினிமா என்றால் மதுரைக்குப் போக வேண்டும். டி.வி.எஸ். பஸ்ஸைப் பிடித்து, அது வருகிற நேரத்தை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு போன காலம். தங்கம் தியேட்டரில் 2,563 இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுச் சொல்வான். 1952-ல் ‘பராசக்தி’யோடு திறந்தது. விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் ரீகல். அங்கே இங்கிலீஷ் படம். மதுரை வரை போக வசதியில்லாதவர்களுக்குச் சுற்றுவட்டாரத்து டூரிங் டாக்கீஸ்கள். மணலைக் குவித்து மேடாக்கி அதன் மேல் உட்கார்ந்தால் தரை டிக்கெட்டுக்கே பால்கனி சுகம். பின்னால் இருப்பவன் சண்டைக்கு வருவான், அது வேறு. ஒரே புரொஜக்டர் என்பதால் ரீல் மாற்ற மூன்று நான்கு இடைவேளை. சலீமும் அனார்கலியும் நெருங்கி வருகிற நேரத்தில் விளக்கு எரிந்து முறுக்குக்காரன் நடுவில் புகுந்துவிடுவான்.

ஆனால் ஒரு படத்தை ஊர் உண்மையில் ‘பார்த்தது’ தியேட்டரில் இல்லை. என் பெரியப்பா மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, பொங்கல், மாரியம்மன் கொடை, எதுவானாலும் முந்தின நாள் சாயங்காலமே வேப்பமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டிவிடுவார். குழாயின் வாய் எந்தத் தெருவைப் பார்க்க வேண்டும் என்பதில் பங்காளிச் சண்டையே நடக்கும். இசைத்தட்டுகள் தகரப் பெட்டியில் செங்குத்தாக அடுக்கியிருக்கும். கனமான தட்டு, கீழே விழுந்தால் அப்பளம். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்கு மேல் ஓடாது. தட்டுக்குத் தட்டு ஊசி மாற்ற வேண்டும். சிக்கனக்காரரான பெரியப்பா ஒரு ஊசியில் நாலைந்து தட்டு ஓட்டுவார். அதனால் எங்கள் ஊரில் எல்லாப் பாடகிகளுக்கும் லேசாக ஜலதோஷம் இருக்கும்.

அந்தப் பெட்டியில் ஓரம் தேய்ந்து போயிருந்த தட்டு 1955-ல் வந்த ‘அனார்கலி’. வேதாந்தம் ராகவய்யா இயக்கி, தெலுங்கிலும் தமிழிலும் வந்த படம். அஞ்சலிதேவி அனார்கலி, நாகேஸ்வரராவ் சலீம், எஸ்.வி. ரங்காராவ் அக்பர். இசை அஞ்சலிதேவியின் கணவர் ஆதிநாராயண ராவ். குரல் ஜிக்கி. ஜிக்கியின் தொண்டையில் ஒரு வெள்ளிக் கம்பி இருந்தது. மற்றவர்கள் மூச்சைக் கூட்டிப் பாடுகிற இடத்தில் அவர் கூர்மையைக் கூட்டுவார். குழாய் ஒலிபெருக்கிக்கு என்றே பிறந்த குரல். அடித்தொண்டைக்காரர்களை அந்தக் குழாய் விழுங்கிவிடும், ஜிக்கியை மட்டும் நரசிங்கப் பெருமாள் கோயில் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கேட்டார்கள். படம் பார்க்காதவர்களும் பாட்டுப் புத்தகத்தை வாங்கி, எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளையைப் படிக்கச் சொல்லிப் பாடினார்கள். இரவில் திண்ணையில் இலங்கை வானொலி.

அந்தப் படத்தின் பேர்பெற்ற மெட்டு ஒன்று வடக்கிலிருந்து வந்தது. 1953-ல் பீனா ராயும் பிரதீப் குமாரும் நடித்து இந்தியில் வந்த ‘அனார்கலி’க்கு சி. ராமச்சந்திரா போட்டது, லதா பாடியது. நம் ஆட்களுக்கு ராமச்சந்திராவைப் பிறகு ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ மூலம் தெரியும். இந்திப் படத்தில் அந்த மெட்டு இரண்டு இடத்தில் வரும். காதல் பொங்குகிற இடத்தில் ஒருமுறை, அவளை உயிரோடு சுவருக்குள் வைத்துக் கட்டுகிற இடத்தில் ஒருமுறை. மெட்டு ஒன்றுதான், கேட்கிறவன் நெஞ்சு மட்டும் வேறு. எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இதில் ஒரு மனக்குறை இருந்தது. ‘சமாதி கட்டுற கதைப் பாட்டக் கல்யாண வீட்டுல போடுறியேடா’ என்று பெரியப்பாவைத் திட்டுவார்கள். அவர் அடுத்த தட்டை எடுப்பார். இளவட்டங்கள் சீட்டு எழுதி அனுப்பி மறுபடி அதையே போடச் சொல்வார்கள்.

கதைக்கு மேடையும் உதவியது. 1954-ல் வந்த ‘இல்லற ஜோதி’யில் சிவாஜியும் பத்மினியும் சலீம் அனார்கலி நாடகத்தை நடித்துக் காட்டியதும், பள்ளி ஆண்டுவிழாக்களுக்கு ஒரு சரக்கு கிடைத்தது. அட்டைக் கிரீடம், காக்காய்ப் பொன், தலைமையாசிரியர் வீட்டுப் பட்டுப்புடவையில் திரை. அக்பராக நிற்கிற பையனுக்குக் குரல் வேண்டும், அவ்வளவுதான் தகுதி. அனார்கலியாக வருகிறவனும் பையன்தான். ஆண்டுவிழா அனார்கலியைப் பல வருடம் கேலி செய்து கல்யாணம் வரை விரட்டிய ஊர்கள் உண்டு.

இத்தனைக்கும் அவள் இருந்தாளா என்பதே தெரியாது. அபுல் ஃபசலின் அக்பர் நாமாவில் அவள் இல்லை. சலீமே பின்னாளில் ஜஹாங்கீராக எழுதிய தன் வரலாற்றிலும் இல்லை. லாகூரில் அவள் பெயரைச் சொல்லும் ஒரு கல்லறைக் கட்டடம் இருக்கிறது. அதில் இப்போது அரசு ஆவணக் காப்பகம் நடக்கிறது. நாம் அறிந்த அனார்கலியைச் செய்து கொடுத்தது இம்தியாஸ் அலி தாஜ் 1922-ல் எழுதிய உருது நாடகம். அதிலிருந்துதான் பேசாப் படம், பேசும் படம், இந்தி, தெலுங்கு, தமிழ் எல்லாம். பிறந்ததே மேடையில், வசனத்தில். அப்படிப்பட்டவள் நம்மிடம் காது வழியாக வந்ததில் ஆச்சரியம் என்ன?

மதுரைக்காரனுக்கு அரசக் காதலைப் பார்க்க ஆக்ராவுக்குப் போக வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. தாஜ்மகால் எழும்பிக்கொண்டிருந்த அதே வருடங்களில், 1636-ல், இங்கே திருமலை நாயக்கர் தன் மகாலைக் கட்டினார். ஷாஜகான் பட்டத்துக்கு வந்தது 1628-ல், நாயக்கர் 1623-ல். இருவரும் சமகாலத்தவர்கள் என்று எந்தப் பள்ளிப் பாடமும் எங்களுக்குச் சேர்த்துச் சொன்னதில்லை. நாயக்கருக்கும் காதல் கதை உண்டு, ஆனால் அது மதுரைப் பாணி. தஞ்சாவூரிலிருந்து கட்டி வந்த ராணி, மகாலைச் சுற்றிக் காட்டியபோது ‘எங்கப்பா வீட்டு மாட்டுக்கொட்டகை மாதிரி இருக்கு’ என்றாளாம். நாயக்கர் கத்தியை வீசிவிட்டார். புதுமண்டபத்தில் அந்த ராணி சிலையின் தொடையில் உள்ள வடுவைக் காட்டி இந்தக் கதையைச் சொல்வார்கள். வடக்கே மனைவிக்கு மண்டபம். இங்கே மண்டபத்தைக் குறை சொன்ன மனைவிக்குக் கத்தி. எனக்கென்னவோ இந்தக் கதையில்தான் குடும்பம் நடத்திய வாசனை அடிக்கிறது.

அந்த மகாலில் இரவு நடக்கும் ஒலி ஒளிக் காட்சியும் சிலப்பதிகாரத்தைக் குரலால்தான் சொல்கிறது. தூண்களுக்கு வெளிச்சம் மாறும், ஆள் யாரும் வரமாட்டார்கள், கண்ணகி பேசுவாள். 1995-ல் மணிரத்னம் ‘பம்பாய்’ படத்தின் கல்யாண வீட்டுப் பாட்டை எடுத்தது இங்கேதான். அரவிந்த்சாமி மனீஷாவைத் தூண் மறைவில் தேடுகிற இடமெல்லாம் நாயக்கர் மகால். பாட்டு ஏ.ஆர். ரகுமான்.

பதின்மூன்று வருடம் கழித்து, 2008 பிப்ரவரியில், அதே ரகுமான் இசையோடு ‘ஜோதா அக்பர்’ வந்தது. அசுதோஷ் கோவாரிகர் இயக்கம், ஹிருத்திக் ரோஷன், ஐஸ்வர்யா ராய். தமிழிலும் டப் ஆகி வந்தது. இந்த முறை அக்பர் தோற்கவில்லை. காரணத்தை நான் ஐஸ்வர்யாவிடம் மட்டும் தேட மாட்டேன். இந்தப் படத்தில் அக்பர் கட்சி மாறியிருந்தார். முந்தைய படங்களில் அவர் அப்பா, சட்டம், சுவர். காதலிக்கிற வேலை மகனுடையது. இந்தப் படத்தில் மகனே பிறக்கவில்லை. அக்பர் தானே மனைவியின் வாசலில் நின்று, அவள் மனசு மாறக் காத்திருக்கிறார். அந்த மனைவியின் பெயர் ஜோதாதானா என்று வரலாற்றாசிரியர்கள் தலையைச் சொறிந்தார்கள், ராஜபுத்திர அமைப்புகள் சில மாநிலங்களில் படத்தை ஓடவிடவில்லை. எங்கள் தெருப் பெண்களுக்கு அது பொருட்டே இல்லை. 2013-ல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரும் தமிழுக்கு வந்தபோது, அதே ஜோதா அக்பர் இரவுச் சாப்பாட்டு நேரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மாமியாரை எதிர்த்து ஜோதா பேசுகிற நாளில் எங்கள் தெருவில் சோறு கொஞ்சம் தாமதமாகும்.

பழைய அக்பருக்கு ஊரில் ஆதரவு இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்டுவிழா நாடகம் முடிந்து கலைகிறபோது, ‘பெத்தவன் சொல்லுறதுலயும் நியாயம் இருக்குல்ல’ என்ற பேச்சு நிச்சயம் எழும். ஆட்டக்காரி மகள் அரண்மனைக்குள் வரலாமா என்பது முகலாயர்களின் கேள்வி மட்டும் இல்லை. இன்றைக்கு அந்தப் பேச்சை யாரும் வெளியில் சொல்வதில்லை. திரையில் காதலர்கள் சேர்ந்தால் எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஆனால் நம் தென்மாவட்டச் செய்தித்தாளைப் பிரித்தால் தெரியும். சுவர் கட்டுகிற வழக்கம்தான் போயிருக்கிறது, அரிவாள் போகவில்லை.

2004-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. நவம்பரில் ‘முகலே ஆஸம்’ முழுக்க வண்ணம் தீட்டப்பட்டு மறுபடி தியேட்டருக்கு வந்தது; இரண்டு வருடத்தில் பாகிஸ்தானிலும் ஓடியது. ஜூலையில் எங்களுக்குப் பக்கத்தில், உலகனேரியில், உயர்நீதிமன்றக் கிளை திறந்தது. முதல் செய்தி ஒத்தக்கடைக்குத் தெரியாது. இரண்டாவது ஊரையே புரட்டிப் போட்டது. மாட்டுத்தாவணிக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த வெறும் வெளி காணாமல் போனது. நான்குவழிச் சாலை, மேம்பாலம், கறுப்புக் கோட்டு, ஜெராக்ஸ் கடை, மாடி மேல் மாடி. நெல் வயல்கள் பிளாட் கல்லாகி நட்டுக்கொண்டு நின்றன. 2010-ல் யானைமலையையே குடைந்து சிற்ப நகரம் ஆக்கப்போகிறார்கள் என்றதும் ஊர் திரண்டு எதிர்த்து மலையைக் காப்பாற்றிக்கொண்டது. ஊரில் மாறாத பிரமாண்டம் அது ஒன்றுதான்.

தங்கம் தியேட்டர் இடிந்து, அந்த இடத்தில் இப்போது பெரிய ஜவுளிக்கடை நிற்கிறது. ஒரு காலத்தில் 2,563 பேர் இருட்டில் உட்கார்ந்திருந்த மண்ணில் இப்போது எஸ்கலேட்டர் ஓடுகிறது. ஏறிப் போனால் பெண்கள் பிரிவில் வரிசையாக அனார்கலி தொங்குகிறாள். மார்புக்குக் கீழே குடையாக விரிகிற நீளச் சுடிதாருக்கு அதுதான் பெயர். வாங்குகிற பெண்ணிடம் அனார்கலி யார் என்று கேட்டால், ‘இந்த மாடல்தான்ணே’ என்பாள். இதில் வருத்தப்பட எனக்கு ஒன்றுமில்லை. கண்ணாடி மாளிகையில் மதுபாலா சுழன்றபோது விரிந்த அந்தப் பாவாடைதான் இது. உடுப்பு தப்பித்துவிட்டது, ஆள் தொலைந்துவிட்டாள்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். இன்றைக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பார்க்கிற பிரமாண்டத்துக்குக் குறைவில்லை. ‘பாகுபலி’ வந்தது. 2022 செப்டம்பர் 30-ல் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது, கல்கி வாசித்த தாத்தாவும் வாசிக்காத பேத்தியும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். முகலாய அந்தப்புரத்திலிருந்து அரசக் காதல் பழையாறைக்கு வீடு மாறிவிட்டது. நந்தினியும் ஆதித்த கரிகாலனும் போதும், சலீம் வேண்டாம். மல்டிபிளெக்ஸில் ஒலி நான்கு சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் வந்து இறங்குகிறது. இருந்தும், படம் முடிந்து வருகிறவர்கள் சொல்லிக்கொண்டு வருகிற ஒரு வசனம் இருக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள். குதிரை எத்தனை, கிராபிக்ஸ் எவ்வளவு என்பதுதான் பேச்சு. ஆசிஃபிடம் 8,000 பேர் நின்றார்கள். இப்போது ஒரு கம்ப்யூட்டர் எட்டு லட்சம் பேரையும் நிறுத்தும். எண்ணிக்கை மலிந்துவிட்டபோது அதைக் கண்டு வாய் பிளப்பதில் என்ன இருக்கிறது? போதாததற்கு, அதே படம் செல்போனுக்கு வந்ததும் பஸ்ஸில் ஒலியை நிறுத்திவிட்டு, கீழே ஓடுகிற எழுத்தைப் படித்துக்கொண்டே பார்க்கிறார்கள். என் பெரியப்பா காலத்தில் படம் பார்க்காமல் ஒரு படத்தைக் கேட்டார்கள். இப்போது கேட்காமலே பார்க்கிறார்கள்.

ஆசிஃப் இவ்வளவு கண்ணாடியைப் பதித்தாலும் காதை மறக்கவில்லை என்பது இங்கே நினைக்க வேண்டியது. கண்ணாடி மாளிகைப் பாட்டுக்கு எதிரொலி வேண்டும் என்று லதாவைக் குளியலறையில் நிற்க வைத்துப் பதிவு செய்தார் இசையமைப்பாளர் நௌஷாத் என்பார்கள். இன்னொரு பாட்டில் முகமது ரஃபிக்குப் பின்னால் நூறு பேர் கோரஸ். அக்பர் சபைப் பாடகர் தான்சேனின் குரல் வேண்டும் என்று படே குலாம் அலி கானிடம் போனார்கள். சினிமாவுக்குப் பாட மாட்டேன் என்பதைக் கௌரவமாகச் சொல்ல நினைத்த அவர், ஒரு பாட்டுக்கு 25,000 ரூபாய் என்றார். லதாவும் ரஃபியும் சில நூறுகள் வாங்கிக்கொண்டிருந்த காலம். ஆசிஃப் உடனே சரி என்றுவிட்டார். தமிழில் டப் செய்தபோது தொலைந்தது இந்த அக்கறைதான்.

போன மழைக்காலத்தில் நான்குவழிச் சாலை ஓரத்து டீக்கடையில் ஒதுங்கியிருந்தேன். இப்போது எங்கள் பக்கம் டைல்ஸ் ஒட்டுவது, கம்பி கட்டுவது எல்லாம் பாதிக்கு மேல் வடக்கத்தி ஆட்கள். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு டைல்ஸ் மேஸ்திரி, உத்தரப் பிரதேசக்காரர், கையில் சிமெண்ட் காயாமல் உட்கார்ந்திருந்தார். டீ மாஸ்டர் எழுபதைத் தாண்டியவர். பெரியப்பாவின் குழாய்க்குக் கீழே வளர்ந்த தலைமுறை. மழை விடாததால் பாலை ஆற்றிக்கொண்டே வாய்க்குள் எதையோ முனகினார். மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். அடுத்த அடியை அவர் எடுத்தார், இந்தியில். மெட்டு பிசகாமல்.

‘இது எங்க பாட்டுய்யா. ஜிக்கி’ என்றார் மாஸ்டர்.

‘நை அண்ணா. லதாஜி. எங்க அப்பா ரேடியோ.’

‘அஞ்சலிதேவி படம். ஒனக்குத் தெரியாது.’

‘பீனா ராய்!’

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. மேஸ்திரிக்கு ராமச்சந்திரா பெயர் வரை தெரிந்திருந்தது. அவர் போனை எடுத்துப் பாட்டைத் தேடிப் போட்டார். மாஸ்டர் திரையைப் பார்க்கவே இல்லை, காதைக் கொடுத்தார். ‘ம்… நல்லாத்தான் பாடுது இந்தப் பொண்ணும்’ என்று லதா மங்கேஷ்கருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்துவிட்டு, டீக்குக் காசு வாங்கிக்கொண்டார்.

அந்தக் கடைக்கு இரண்டு வாசல் தள்ளி ஒரு தையல்கடை. நடத்துகிற அக்காவுக்கு வேளாண் கல்லூரிப் பெண்கள்தான் வாடிக்கை. அனார்கலி தைப்பது லேசான வேலை இல்லை. துணியைக் கோணத்தில் மடித்து, மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் துண்டு துண்டாக வெட்டி மூட்ட வேண்டும். பன்னிரண்டு துண்டு என்றால் சுமாரான விரிப்பு, பதினாறு போட்டால் சுற்றும்போது நன்றாகக் குடை பிடிக்கும். துணி ஐந்து மீட்டர் பிடித்துவிடும், உள்ளே லைனிங் தனி. ஓரத்தை ஒரு சுற்று அடித்து முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும் என்றார் அக்கா. ‘பொன்னியின் செல்வன்’ வந்த வருடம் கொஞ்ச நாளைக்கு ஒருத்தியும் அனார்கலி கேட்கவில்லையாம். ‘குந்தவை மாதிரி ரவுக்கை, குந்தவை மாதிரி முந்தானைன்னு போன்ல போட்டோவக் காட்டுவாளுக. அந்தத் துணிக்கு அந்த ரவுக்கை நிக்காதுடின்னா கேக்க மாட்டாளுக.’ இப்போது கல்லூரி விழா வருகிறது, மறுபடி அனார்கலி.

நான் நிற்கும்போதே ஒரு பெண் மெரூன் துணியோடு வந்தாள். மேடையில் ஆடப்போகிறாளாம். எந்தப் பாட்டுக்கு என்று அக்கா கேட்டார். இன்னும் முடிவாகவில்லை, ரீல்ஸில் எது ஓடுகிறதோ அது என்றாள். பதினாறு துண்டு போடட்டுமா என்றதற்கு இருபது போடச் சொன்னாள். துணி காணாது, இன்னும் ரெண்டு மீட்டர் வாங்கிட்டு வா என்று அக்கா திருப்பி அனுப்பினார்.